இருபத்தொரு நாள் அனுமதி

கிராட்ஸ், ஆஸ்திரியா, 2 மே 2016

அன்புள்ள அப்பா,

ஜூன் பதினெட்டாம் தேதி எனக்கும் யோனாஸுக்கும் கல்யாணம். ரயில் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து வருஷமாக எப்போது கூப்பிட்டாலும் "ஆலையில் வேலை நெருக்கடி" என்றே எழுதுகிறீர்கள். இந்தத் தடவையும் அப்படி எழுதினால் இனி உங்களுக்கு எழுத மாட்டேன். கோபமில்லை, அலுத்துவிட்டது.

ஸ்வென்யா

எஸ்ஸன், ஜெர்மனி, 7 மே

என் கண்ணு ஸ்வென்யாவுக்கு,

கல்யாணம் என்று படித்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அந்தச் சூட்டோடு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஆலையை மூடி ஐந்து வருஷமாகிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகையில்தான் என் சாப்பாடு. போனில் எனக்குப் பொய் வராது. அதனால் கடிதத்தில் புளுகினேன்.

அந்த அலுவலகத்தார் எந்த நாளும் தபால் போட்டு வரச் சொல்லலாம். அன்று ஊரில் இல்லையென்றால் உதவித்தொகையில் கைவைப்பார்கள். அதற்குப் பயந்து ஐந்து வருஷமாகத் தபால்பெட்டிக்குக் காவல் இருக்கிறேன். திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப் போகிறேன். மறுத்தாலும் வருவேன்.

அப்பா

எஸ்ஸன், 10 மே

ஸ்வென்யாக் கண்ணு,

கேட்டுவிட்டேன். என் கோப்பைப் பார்க்கும் அதிகாரி திருமதி லோமான், சிரித்து நான் பார்த்ததில்லை.

"மகளுக்குக் கல்யாணம்மா. சனிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

"எதுக்கு அவ்வளவு அவசரம்? வருஷத்துக்கு இருபத்தொரு நாள் இருக்கே உங்களுக்கு."

"எனக்கா?"

"முன்கூட்டி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினாப் போதும். நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல. ஊர் சுத்தவே பிடிக்காத ஆளு போலன்னு இருந்துட்டேன்."

"அந்தப் பழைய நாளையெல்லாம் சேத்துத் தருவீங்களா?"

"ஆசையப் பாரு," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வேலை தேடாமல் ஊர் சுற்றுகிறான் என்று நினைப்பாளோ என்று வாயே திறக்காமல் இருந்த மடையன் உன் அப்பன். சந்தோஷத்தில் டிராமில் ஏறக்கூடத் தோன்றாமல் வீடுவரை நடந்தே வந்தேன். டிக்கெட்டை ஜூன் பத்தாம் தேதிக்கு மாற்று. மேசை நாற்காலி தூக்கிப் போடவாவது ஆள் வேண்டுமே.

அப்பா

கிராட்ஸ், 14 மே

அன்புள்ள அப்பா,

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், திட்டினேன், மறுபடியும் படித்தேன். வேலை போனதற்காக இல்லை, என்னிடம் மறைத்ததற்காக. நேரில் வாருங்கள், மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சிக்கல். காலையில் யோனாஸின் அப்பா கேட்டார்: "உங்கப்பாவுக்கு லீவு கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது. இருபத்தொரு நாள்."

"அடேயப்பா, நல்ல முதலாளிதான்."

நீங்கள் ஆலையில் பெரிய மேற்பார்வையாளர் என்று இங்கே எல்லோரிடமும் பெருமை அளந்து வைத்திருக்கிறேன். விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து பேச வேண்டும், அப்போது விசாரிப்பார்கள். அவர்கள் நினைப்பதை அப்படியே விட்டுவிடட்டுமா? உங்கள் இஷ்டம்தான்.

ஸ்வென்யா

எஸ்ஸன், 18 மே

ஸ்வென்யாக் கண்ணு,

சொல்லிவிடு. உண்மையை இன்றைக்கே சொல்லிவிடு. அந்த விருந்தில் யாரிடம் என்ன புளுகினோம் என்று யோசித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. உன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

அப்பா