டேனி செய்த செருப்புகள்

அன்புள்ள டேனி, என் தடியா,

உட்கார முடியவில்லை, அதனால் நின்றுகொண்டே எழுதுகிறேன். நீ போன பிறகு இந்த வீட்டில் எந்த நாற்காலியும் எனக்குச் சரிப்படவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி திரும்பி வராமல் இப்படியா செய்வான்?

சரி, சேதி சொல்கிறேன். கணினி விளையாட்டு ஒன்றில் நீயாக எழுதிச் சேர்த்தாயே, அந்தச் செருப்பு மோட் படுத்துவிட்டது. அந்த விளையாட்டுக்குப் புது வெர்ஷன் விட்டார்கள். அதில் வருகிற ஆட்களின் காலுக்கு நீ செய்து மாட்டிய செருப்பெல்லாம் குழம்பிப்போனது. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து உன்னைத் திட்டுகிறார்கள். நீ பதில் போடவில்லை என்று அவர்களுக்குக் கோபம். எனக்கும்தான்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாய். ஹவாய் செருப்பின் தேய்ந்த குதிகால், கட்டைவிரல் வளையத்தில் பிரிந்த தையல், கடற்கரையில் நடந்தால் அடியில் ஒட்டும் ஈர மணல். தி. நகர் நடைபாதைக் கடையில் ஒவ்வொரு செருப்பாகக் கவிழ்த்துப் படம் எடுத்தாயே, கடைக்காரர் கேட்டார்: "இன்னா நைனா, வாங்க வந்தியா, போட்டோ புட்ச்சிக்கினு போவ வந்தியா?" கூட வந்த என் மானம் போனது.

அதோடு விட்டாயா? விளையாட்டில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்று வைத்தாய். வாசலைப் பார்த்தாலே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். ஷூ காணாமல் போகிறது, இது பிழை என்று வெளிநாட்டுக்காரர்கள் புகார் எழுதினார்கள். "செருப்போட வீட்டுக்குள்ள போறதுதான்க்கா பிழை" என்று சொல்லி மாற்ற மறுத்துவிட்டாய்.

இப்போது அங்கேதான் கோளாறு. ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் அதே ஜோடி வாசலில் கிடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து நானும் அம்மாவும் வந்ததும் உன் நண்பன் சலீம் வந்து பார்த்தான். "ஆளு உள்ள இல்லன்னா செருப்ப அழிச்சிடுன்னு புரோகிராம்ல ஒரே வரிதான்க்கா. போட்டுடவா?" என்றான்.

"இரு" என்றேன். பால்கனிக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். அவன் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் நம் வாசலிலும் உன் ஜோடி கிடக்கிறது, டேனி. வேலை முடிந்து வரும்போது அதைப் பார்த்ததும் ஒரு நொடி நீ உள்ளே இருக்கிறாய் என்றே நினைத்துவிடுகிறேன். அந்த ஒரு நொடி என்னைக் கொல்கிறது. எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் எத்தனை சண்டை போட்டிருப்பேன். "ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கிற வீடு. ஆம்பளை செருப்பு ஒண்ணு வெளிய கிடக்கட்டும்" என்பாள். பாதுகாப்புக்குச் சொல்கிறாள் என்று நானும் நம்பினேன்.

சலீம் அப்படிக் காத்திருக்கும்போதே தண்ணீர் கேன் போட ஒரு புது ஆள் வந்தார். செருப்பைப் பார்த்துவிட்டு, "சாரு உள்ள கீறாரா? கேன் கவுத்துக்குவாரா?" என்று கேட்டார்.

"தூங்குறான்ப்பா. நீயே வச்சிட்டுப் போ" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாம வை" என்றாள்.

அவரும் மெல்ல வைத்துவிட்டுப் போனார். தூங்குகிறான் என்றதே பாதுகாப்புக்குப் போதும். சத்தம் வேண்டாம் என்று யாருக்காகச் சொன்னாள்?

சலீம் சொன்ன அந்த வரியைப் போட்டுவிடுகிறோம். இனி ஊர் உலகத்தில் செருப்பு ஆளோடு போய்விடும். விளையாட்டுக்குள் நம் வீட்டைப் போலவே ஒன்று கட்டி வைத்திருக்கிறாயே, அதன் வாசலுக்கு மட்டும் அந்த வரி கிடையாது.

அம்மாவிடம் இனி சண்டை போட மாட்டேன். வேலை முடிந்து வந்தால் கதவை மெதுவாகத்தான் சாத்துவேன். சத்தியம்.

நீ தூங்குடா.

உன் கூடப் பிறந்தவள்,
ரீட்டா அக்கா