இடது காலுக்கு வேலை

ஏப்ரல் 6, ஞாயிறு

காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். என் மோட்டார் ரிப்பேர்க் கடைக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் குமரப்பன் பார்த்துவிட்டு, "என்ன மருது, ஒத்தச் செருப்போட வர்றே?" என்றான். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை.

எங்கே கழன்றது? தெரியாது. எவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்தேன்? அதுவும் தெரியாது. பதினொரு மணி வெயில், தார் ரோடு கொதிக்கிறது. எனக்குச் சுடவே இல்லை.

"வார் அறுந்துபோச்சு, வீசிட்டேன்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அவன் உள்ளே போனதும் திரும்பி நடந்து தேடினேன். பேங்க் வாசலில் கிடந்தது. வார் நன்றாகத்தான் இருக்கிறது.

சர்க்கரை வந்து பதினோரு வருஷம். கால் மரத்துப்போக ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். வீட்டில் ரேணுகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடித்துக்கொள்வாள், பத்து நாளைக்கு விடமாட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

பழைய காருக்கு ஆயுசு முடிந்தது. புதுசு எடுப்பது என்று போன மாதமே பேசிவிட்டோம். என்ன வண்டி என்பதில்தான் இன்றைக்குச் சண்டை.

நாச்சியாபுரம் பள்ளிக்கூடத்திலிருந்து ரேணுகா வரும்போதே முகம் பூரித்திருந்தது. தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வருகிறதாம். இடம் ஒக்கூர். மே 9-க்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒக்கூருக்கு இங்கிருந்து ரெண்டு பஸ் மாற வேண்டும், திருப்பத்தூரில் இறங்கி அடுத்ததுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அதற்கும் வழி யோசித்து வைத்திருக்கிறாள்.

"ஏங்க, ஆட்டோமேட்டிக் எடுப்போம். கிளட்ச் கெடையாது, கியர் கெடையாது. ஒரு மாசத்துல பழகிருவேன். நானே ஓட்டிட்டுப் போயிருவேன்."

"கியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா? நான் கொண்டுபோய் விடுறேன், நீ எதுக்கு ஓட்டணும்?"

"கடையை யாரு பாப்பா? தினமும் விடுவீகளா?"

"விடுவேன்."

அவளுக்கு வண்டி பழக்க ஒரு தடவை முயற்சி பண்ணியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் முன்னால், காலேஜ் மைதானத்தில். கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டாள். "காலா அது, கட்டையா?" என்று கத்தினேன். பையன்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஷோரூம் போனோம். ஸ்ரீதர் என்று ஒரு விற்பனைப் பையன், டை கட்டிக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறான். ஆட்டோமேட்டிக்கில் என்னை உட்காரவைத்து, "சார், இதுல இடது காலுக்கு வேலையே இல்ல. ஓரமா வச்சுட்டு மறந்துருங்க" என்றான். அறைந்துவிடலாம் போல வந்தது. ஊரில் எல்லோருக்கும் என் இடது கால்தான் கிடைத்ததா?

பின்னால் இருந்த காலி இடத்தில் ரேணுகா ரெண்டு சுற்று ஓட்டினாள். மெதுவாகத்தான். ஆனால் ஓட்டினாள். "என்னங்க, போகுது! போகுது பாருங்க!" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூவினாள். ஐம்பது வயசுப் பொம்பளை, சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு. நான் போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் நின்றேன்.

அப்புறம் ஸ்ரீதரிடம், "கியர் வண்டியைக் காட்டுப்பா" என்றேன். மைலேஜ், இழுவை, ரிப்பேர் வந்தால் நம்ம ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவான் என்று அடுக்கினேன். ரேணுகா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தாள், இலையில் ஊற்றினாள். நல்லநாளும் அதுவுமாக, இன்னமும் பேச்சில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கியர் வண்டியையே புக் பண்ணிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மகள் தேவிகா போன். அம்மா ஓதிவிட்டிருப்பாள். "ஏம்ப்பா, கியர் போட்டாத்தான் ஆம்பளையா?" என்கிறாள். "வைடி போனை" என்றேன். வைத்துவிட்டாள். கடைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். குமரப்பன் "கால்ல சக்கரமா?" என்று கேட்டான்.

உண்மையை இங்கேயாவது எழுதவேண்டும். மைலேஜும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பயம். ஆட்டோமேட்டிக் எடுத்தால் என் கால் போய்விட்டது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அதோடு, அவள் ஓட்டப் பழகிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? முப்பது வருஷமாக எல்லாரையும் ஏற்றி இறக்கியவன் நான். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, எதுவானாலும் "மருதுவைக் கூப்பிடு"தான். மற்ற விஷயத்தில் என்னை எவன் கேட்டான்?

ஏப்ரல் 30, புதன்

எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அட்சய திருதியை. காலையில் வண்டி எடுத்தோம். நேரே எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலுக்குப் பூஜைக்குக் கொண்டுவந்தேன். மாலை, சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். குருக்கள் தீபாராதனை காட்டி முடித்து, "எடுங்கோ" என்றார். முதல் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து முன் டயருக்கு வைத்த பழம் உருண்டுவிட்டது. ரேணுகா, "இருங்க, இருங்க" என்று குனிந்து அதை எடுத்து வைத்தாள்.

நான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். கிளட்சை முழுசாக மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்தேன். கால் மேலே வந்தது எனக்குத் தெரியவில்லை. வண்டி எகிறிக் குதித்து நின்றது.

அவள் பின்னால் சாய்ந்து, தரையில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். பம்பருக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான். ஐயோ, அவ்வளவுதான்.

"புது கிளட்ச், கடிக்குது" என்று நான் சொன்னேன். எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. "ஒண்ணுமில்ல, திருஷ்டி கழிஞ்சுடுத்து" என்று குருக்கள் சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். ரேணுகா சிரிக்கவில்லை. உள்ளங்கை சிராய்த்து ரத்தம். புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வண்டியில் ஏறவில்லை.

மே 1, வியாழன்

கடை லீவு. வண்டியை ஊருக்கு வெளியே ஒரு பொட்டலுக்குக் கொண்டுபோனேன். கிளட்சை மட்டும் மிதித்து விட்டுப் பார்த்தேன். இருபது தடவை. பதின்மூன்று தடவை வண்டி குதித்து அணைந்தது. குனிந்து கண்ணால் பார்த்தால்தான் கால் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ரோட்டில் எப்படிக் குனிந்துகொண்டே ஓட்டுவது?

ஷூ போட்டுப் பார்த்தேன். இன்னும் மோசம்.

மே 3, சனி

வண்டியை எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் "நம்பர் பிளேட் சரியில்ல" என்று சொல்கிறேன். புது வண்டி வாங்கி உறை போட்டு மூடி வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

மே 7, புதன்

மாற்றுச் சாவியைத் தேடி ரேணுகாவின் பையைத் திறந்தேன். நாலாக மடித்த ஒரு வெள்ளைத்தாள். அவள் கையெழுத்து. 'குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தலைமை ஆசிரியை பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்.'

குடும்பச் சூழ்நிலை. அது நான்தான்.

அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். "யாரைக் கேட்டு இதை எழுதினே?"

"யாரைக் கேட்டு கியர் வண்டி புக் பண்ணினீக?"

"நான்தான் தினமும் கொண்டுபோய் விடுறேன்னு சொன்னேன்ல?"

"உங்க வண்டியில நான் ஏறமாட்டேன்." அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அன்னைக்கு என் மேல ஏத்தப் பாத்தீகளே, அதைக்கூட விடுங்க. வண்டி நின்னதும் எங்க பாத்தீக? கீழ விழுந்து கெடக்கேன், என்னைப் பாக்கல. குனிஞ்சு உங்க காலைப் பாத்தீக. ஒரு வாரமா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன். காலுக்கு என்ன? சொல்லுங்க."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். செருப்பு, தார் ரோடு, பொட்டல், எல்லாம்.

என்னை உட்காரவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேனா மூடியால் உள்ளங்காலில் அழுத்தி, "தெரியுதா?" என்றாள். தெரியவில்லை. "இங்க?" இல்லை. "இங்க?" இல்லை என்று தலையாட்டினேன். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. அதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"ஒரு வருஷமா என்கிட்டச் சொல்லல. நான் என்ன அசலூர்க்காரியா?" என்று சொல்லிக்கொண்டே என் முழங்காலில் ரெண்டு அடி வைத்தாள். அந்த அடி தெரிந்தது. அழுதாள். நானும்தான்.

மே 8, வியாழன்

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?" கொப்புளத்துக்கு மருந்து கட்டினார். தினமும் ரெண்டு வேளை பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கிளட்ச் மிதிக்கிற வண்டியைத் தொடக்கூடாது. ரேணுகா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

காலா கட்டையா என்று கேட்ட வாய் இது. வழியெல்லாம் மனசில் அதுவே ஓடியது.

மே 9, வெள்ளி

காலையில் ஷோரூமுக்குப் போனேன். மாற்றி ஆட்டோமேட்டிக் கொடு என்று கேட்டேன். பதிவு பண்ணியாயிற்று, இனி பழைய வண்டி விலைதான் என்கிறான் ஸ்ரீதர். கெஞ்சினேன், கோபப்பட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "நஷ்டம் ஆனா ஆகட்டும், வித்துட்டு மாத்திருவோம்" என்றேன்.

"வேணாம். எடுத்தது எடுத்தாச்சு. இதையே ஓட்டுறேன்."

உனக்கு வராது என்று நாக்கு நுனிவரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். பதவி உயர்வுக்குச் சம்மதம் என்று காலையிலேயே கல்வி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வண்டி ஓட்டத் தெரியாது, அதற்குள் சம்மதம். என்ன தைரியம் இவளுக்கு!

மே 14, புதன்

எல்.எல்.ஆர். போட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுப்பது பாண்டீஸ்வரி என்று ஒரு பெண், முப்பது வயசுக்குள் இருக்கும். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய் மைதான ஓரம் நின்றேன். பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் இறங்கி வந்தது. "சார், நீங்க வீட்டுக்குப் போங்க. நீங்க அங்குட்டு நிக்கிறதைப் பாத்தாலே டீச்சருக்குக் காலு ஒதறுது."

வந்துவிட்டேன். கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே மோட்டாரை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மாட்டினேன்.

மே 25, ஞாயிறு

முதல் தடவையாக நம் வண்டியில் அவள் ஓட்ட, நான் இடது பக்கம். பாலம் ஏறும்போது வண்டி அணைந்தது. பின்னால் உருண்டது. லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தேன்.

"பேசாதீக" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

வாயை மூடிக்கொண்டேன். ஹேண்ட் பிரேக், மறுபடி ஸ்டார்ட், மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை ஏறியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஆட்டோமேட்டிக்காக இருந்தால் இதில் ஒன்றுகூட இல்லை. அவள் படுகிற ஒவ்வொரு பாடும் நான் பிடிவாதமாகப் புக் பண்ணி வாங்கிக்கொடுத்தது. இதை அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. லைசென்ஸ் இன்னும் வரவில்லை. ரெண்டு பஸ் மாறி ஒக்கூர் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பினாள். கால் வீங்கியிருக்கிறது. அவளுக்கும் கால், எனக்கும் கால்.

ஜூன் 18, புதன்

டெஸ்ட்டில் பாஸ். தேவிகாவுக்குப் போன் போட்டு ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

ஜூன் 23, திங்கள்

இன்றைக்குத் தனியாக எடுத்துக்கொண்டு போனாள். "நானும் கூட வரவா?" என்றேன். "அப்புறம் பழகினதுக்கு என்ன அர்த்தம்?"

ஏழே முக்காலுக்குக் கிளம்பினாள். எட்டரை. எட்டே முக்கால். போன் பண்ணக்கூடாது, ஓட்டிக்கொண்டிருப்பாள். ஒன்பது. கடையைத் திறந்து போட்டுவிட்டு ரோட்டில் நின்றேன். குமரப்பன் டீ வாங்கிக் கொடுத்தான், ஆறிப்போயிற்று. ஒன்பது பத்துக்கு அவளே கூப்பிட்டாள். "வந்துட்டேங்க. மூணு எடத்துல நின்னுபோச்சு. திருப்பத்தூர்ல ஒரு பஸ்காரன் வஞ்சான். நானும் வஞ்சேன்."

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் வண்டி வெயிலில் நின்றது. எதிர்வீட்டு மரநிழலுக்கு நாலு அடிதான். நாலு அடி நகர்த்த என்ன, முதல் கியர் போதும் என்று சாவியை எடுத்துப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. முழங்கால் ரெண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருக்கிறாள். மேலே இருக்கிற கண்ணாடியில் என் நெஞ்சுச் சட்டைப் பித்தான்தான் தெரிந்தது.

சீட்டைப் பின்னால் தள்ளுகிற கம்பியில் கை போனது. பிடித்தேன். விட்டுவிட்டேன்.

இறங்கி நின்று, "ரேணு, வண்டி வெயில்ல நிக்குது, வந்து தள்ளி நிறுத்து" என்று கூப்பிட்டேன்.

"கையெல்லாம் மாவு. நாலு அடிதானே, நீங்களே நிறுத்துங்களேன்" என்று உள்ளேயிருந்து குரல். மறந்துவிட்டாள் போல.

எதிர்வீட்டுக் கோட்டைச்சாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னால முடியாது. எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. நீ வா" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.