அப்பா சொன்ன சம்பளம்

18-6-1964, வியாழன்

மாட்டுங்கா கல்லூரிக்குத் தாராவியிலிருந்து நடந்தே போகலாம். ஹாஸ்டல் செலவு கிடையாது. அப்பாவின் சம்பளம் குறைவு என்று எழுதிக் கொடுத்தால் ஃபீஸும் கிடையாது. வேறு எந்தக் கல்லூரியும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இன்று கல்லூரி ஆபீஸில் ஃபீஸ் சலுகைக்கான ஃபாரத்தை வரிவரியாகச் சத்தமாக வாசித்த கிளார்க், சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். தோல் ஷெட்டில் கூலி வேலை செய்யும் அப்பா, காலரைச் சரிசெய்துகொண்டு இரண்டு மடங்காகச் சொன்னார். நாளை தருகிறோம் என்று ஃபாரத்தை வாங்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வந்தேன்.

"இஞ்சினியருக்குப் படிக்கப் போறவன் அப்பன் கூலிக்காரன்னா சொல்லச் சொல்லுத?" என்றார்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து உண்மைச் சம்பளத்தை எழுதி நீட்டினேன்.

"நான் சொன்னதத்தானலே எழுதியிருக்க?"

"ஆமாப்பா."

நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "நாளைக்கும் நான் கூட வாரேன்" என்றார்.