அரச மரத்தடியில் கொட்டிய சொல்

ஆலத்தியூர்,
மாசி 10, சனிக்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை பிரேம்குமாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய் பேசாமை என்கிற சீலம் முதல் வரியிலேயே முறிந்துவிடும், அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். உன் அம்மா வீட்டில் இல்லை. ஆறு நாளாகத் தா.பழூரில் உன் மாமா வீட்டில் இருக்கிறாள். பயப்படாதே, அவளுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. என் வாய்தான் காரணம். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் தெருப் படிப்பக வாசலில் ஏழு வருஷத்துக்கு முன் நாக்பூரிலிருந்து கொண்டுவந்து நான் வைத்த அரசங்கன்று இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. புத்தர் ஞானம் பெற்ற மரம், இதன் அடியில் உட்கார்ந்து யோசியுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டால்தானே. பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள், சுற்றுகிறார்கள், போன மாதம் எவரோ ஒரு செங்கல்லுக்குக் குங்குமம் வைத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமைதோறும் நான் அரிவாளோடு போய்க் கயிறுகளை அறுப்பதும் திங்கட்கிழமை அவர்கள் புதிதாகக் கட்டுவதுமாக இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தபோது வராத கோபம் இந்த மரத்தால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்களுக்குப் பழமொழியை வைத்து நான் தம்மம் சொல்வது உனக்குத் தெரியும். தன் வினை தன்னைச் சுடும் என்பதில் வினைப்பயன் என்கிற கம்மம் இருக்கிறது, பேராசை பெருநட்டம் என்பதில் ஆசையே துன்பத்தின் வேர் என்பது இருக்கிறது. கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை, கோபம் கையில் எடுத்த நெருப்பு, எறிவதற்கு முன் எடுத்தவன் கையைத்தான் சுடும் என்பேன். அப்போதெல்லாம் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அன்றைக்கு எடுத்தது, நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் உன் அம்மா இடுப்பில் குடத்தோடு அரச மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரியே, அதுவும் என் வகுப்பு நடக்கும்போதே. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது என் நாக்கில் வந்து நின்றது. பன்னிரண்டு பெண்கள் முன்னால், கொளஞ்சி, சுத்துனது போதும், மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஒம்மவள அடிவயித்தத் தொட்டுப் பாக்கச் சொல்லு என்று கத்திவிட்டேன். மணி, எழுதவே கை கூசுகிறது. இரண்டாவது தடவையும் சிகிச்சை பலிக்கவில்லை என்று நீ அம்மாவிடம் சொல்லி இருபது நாள்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவள் குடத்துத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினாள், குடத்தை வீட்டில் வைத்தாள், செந்துறை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

நான் என்ன இல்லாததையா சொன்னேன், மரத்தைச் சுற்றினால் பிள்ளை பிறக்குமா என்று மூன்று நாள் தனியாக வாதாடிக்கொண்டிருந்தேன். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, காலம் பார்த்து, கனிவாக, கேட்பவருக்குப் பயன்படும்படி பேச வேண்டும் என்று புத்தர் சொன்னது அதே கரும்பலகையில் என் கையெழுத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம். இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒருத்தியும் வரமாட்டாள், வந்தாலும் எந்த முகத்தோடு நிற்பேன்.

நேற்று தா.பழூருக்குப் போனேன். வேணி அத்தையும் உன் அம்மாவும் ரோட்டோரம் காயப்போட்ட நெல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள். இருங்க, அள்ளிட்டு வரேன் என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் இந்தப் பாழும் வாயில் வந்தது, நீயுமா அவங்களோட சேந்து சுத்தற என்பதுதான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் புள்ள கேட்டா சுத்துனேன், பொறந்தா பொறக்குது, பொறக்காட்டிப் போவுது, எம்மவ ஒத்தையில ஒக்காந்து அழுவாம இருக்கணும்னு சுத்துனேன், கடலத் தாண்டிக் கைய நீட்டியா கண்ணத் தொடச்சு வுட முடியும் என்றாள். தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காப்பது போல எல்லா உயிர்கள் மேலும் அன்பு வையுங்கள் என்று பதினொரு வருஷமாகப் பௌர்ணமிதோறும் நான்தான் உரக்கப் படிக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவள், ஒரே பிள்ளையைப் பெற்றவள், அவள்.

வீட்டுக்கு வா என்றேன். நீங்க சொன்னது என்னய இல்ல, அவள, அவகிட்டச் சொல்லுங்க, போன்ல சொன்னா பாதிய முழுங்கிடுவீங்க, எழுதுங்க, அவ படிச்சிட்டு வூட்டுக்குப் போம்மான்னு சொன்னா வரேன் என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். லப்பைக்குடிக்காடு நைனா முகமது பாய் புதன்கிழமை மஸ்கட் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே அம்மா போவதற்கு முன் இடித்து வைத்த முருங்கைக்கீரைப் பொடியும் இருக்கும், டூட்டி டூட்டி என்று சாப்பிடாமல் கிடக்காதே. படித்துவிட்டு வழக்கம்போல ம் என்று ஒரு எழுத்தில் முடித்துவிடாதே. கோபம் வந்தால் என்னைத் திட்டு. கோபத்தை அடக்கு என்று நான் ஊருக்குச் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நீ கேட்க வேண்டாம். என்னை மன்னிக்க நாளாகும் என்றால் ஆகட்டும், அம்மாவுக்கு மட்டும் முதலில் போன் போடு.

நீ நலமாக இரு, பயமில்லாமல் இரு, துயரமில்லாமல் இரு. மாப்பிள்ளைக்கும் இதே ஆசி.

உன் அப்பா,
மா. அரியமுத்து

பி.கு. இன்றைக்குச் சனிக்கிழமை. வழக்கம்போல அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். இருபது முப்பது கயிறு இருக்கும். அதில் உன் அம்மா கட்டியது எது என்று தெரியவில்லை. ஒன்றையும் அறுக்காமல் வந்துவிட்டேன்.