அப்பா வாங்கிய ஒயர்

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

சாத்தூரிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் எங்கள் ஜெபம். போனில் நாலு வரி தட்டிவிட்டால் போதாதா, அம்மா எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் வருவதையெல்லாம் அப்பாவும் எடுத்துப் பார்க்கிறார், அதனால்தான் காராச்சேவுப் பார்சலுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். சேவை உன் கூட இருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கே அள்ளிக் கொடுத்துவிடாமல் நீயும் தின்னு, போன வாரம் வீடியோவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இங்கே தீபாவளி சீசன், பக்கத்து வீட்டு மாரிச்செல்வி தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்க விடியும் முன்னே ஓடுகிறாள், அந்த ஓட்டத்திலும் வாசலில் நின்று, "ஏக்கா, பெர்சிஸு இந்தக் கிறிஸ்மஸுக்காவது வருமா" என்று கேட்டாள். வரும் வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன், கொஞ்ச நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நர்ஸிங் சேரும் முன் கோயிலில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் தனியாகப் பாடினாயே, அதை அப்பா தினமும் சாயங்காலம் போட்டுக் கேட்பது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே பிள்ளை குரல் மங்கிப்போச்சு, மங்கிப்போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தார். பிறகு போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மதுரைக்குப் போய் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் வாங்கி வந்தார். விலையை நான் சொல்ல மாட்டேன், உனக்குத் தலை சுற்றும். சாரைப்பாம்பு தடிமனில் ஒயர், அதற்கு வெல்வெட் துணி போட்ட பெட்டி. செம்பிலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிட்டார்களாம், அதனால் பாடுகிறவர் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பது போல இருக்குமாம். ஒயரில் அம்புக்குறி போட்டிருக்கிறது, பாட்டு அந்தப் பக்கம்தான் ஓடுமாம், மாற்றி மாட்டினால் ஓடாதாம். தரையில் பட்டால் சத்தம் கெட்டுப்போகுமென்று கடைக்காரன் சொன்னானாம், மரக்கட்டைகளை வெட்டி அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார், கூட்டிப் பெருக்க வழியில்லை. இதெல்லாம் போதாதென்று, மாதக்கணக்கில் பாடவிட்டால்தான் ஒயர் பழகுமாம். புது மருமகள்கூட அதற்குள் பழகிவிடுவாள் என்றேன், அவர் சிரிக்கவில்லை. சிவகாசி பிரஸ்ஸில் லேபிள் பார்த்தவள் நான், சாதாப் பெட்டிக்குத் தங்கக் கோடு போட்டால் ஸ்பெஷல் ஆகிவிடும், உள்ளே இருப்பது என்னவோ அதேதான். என்னிடமா இந்தக் கதை?

போன வாரம் ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது அந்த மரக்கட்டைகளை எல்லாம் தள்ளிவிட்டு வீட்டைக் கூட்டினேன். இரண்டு பக்கமும் ஒயர் கழன்றுவிட்டது. அம்புக்குறியை மாற்றி மாட்டி வைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்று பயந்து, பரணில் கிடந்த பழைய ஒயரையே எடுத்து மாட்டினேன், அவர் வந்ததும் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று. வலது பக்க ஸ்பீக்கருக்கு மாட்டி முடிக்கவும் கேஸ்காரர் வந்து கூப்பிட்டார், போனவள் அப்படியே மறந்துவிட்டேன். சாயங்காலம் அப்பா வந்து, ஒயர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து உன் பாட்டைப் போட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணெல்லாம் கலங்கி, "பாத்தியா ஜெயா, இப்பத்தான் ஒயரு பழகியிருக்கு, பிள்ள நடுவுல மூச்சு இழுக்குறதுகூட அம்புட்டுச் சுத்தமாக் கேக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்டீரா என்று புது ஒயரைத் தூக்கிக் காட்டப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், இடது பக்க ஸ்பீக்கரில் ஒயரே இல்லை. அவர் காதை ஒட்டி இருக்கிற ஸ்பீக்கர் அது, பாட்டு முழுக்க அது வாயே திறக்கவில்லை, அவருக்கு அது தெரியவில்லை. இடது பக்கமாகப் போய் நின்று, ஏங்க, என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. வலது பக்கம் வந்து உரக்கக் கூப்பிட்டதும், என்ன, என்று திரும்பினார்.

பட்டாசுக் கம்பெனியில் அப்பா பார்த்த வேலைதான் உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு ஆர்டருக்கும் லோடு ஏறும் முன் சாம்பிள் வெடித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. காதில் பஞ்சு வைத்தால் சத்தத்தின் தரம் எப்படித் தெரியும் என்று வைக்கவே மாட்டார், திரியைப் பற்றவைத்து நகர்ந்து நின்று எப்போதும் இடது காதைக் கொடுத்துத்தான் கேட்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார். அந்தக் காதுதான் இப்போது போயிருக்கிறது. வலது காதும் பாதிதான். உன் மூச்சு அவருக்குக் கேட்டது எந்த ஒயரிலும் வந்ததில்லை மகளே, அது அவருக்கு மனப்பாடம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது எதற்கெடுத்தாலும் சரிம்மா சரிம்மா என்கிறாரே, நீ சொல்வது விளங்காமல்தான். காய்ச்சலில் படுத்துவிட்டேன் என்று நீ சொன்னதும், "சந்தோசம்மா, ரொம்ப சந்தோசம்" என்றார். நீ லைன் சரியில்லை என்று சிரித்துக்கொண்டாய். லைனில் ஒரு குறையும் இல்லை, அடுப்படியில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. போனை வைத்ததும் என்னிடம் வந்து, பிள்ளை என்ன சொன்னாள் என்று மெதுவாகக் கேட்பார், நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். இத்தனை நாளாக வயசான மறதி என்றே நினைத்திருந்தேன். காய்ச்சல் என்று நான் சொன்னதும் அன்றைக்கு முழுக்கச் சோற்றில் கை வைக்கவில்லை.

காது டாக்டரிடம் போகலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன். "சத்தத்தப் பாத்தே சம்பளம் வாங்குனவன் நான், எனக்கா காது கேக்கலங்குற" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். நானாக விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். இப்போதே மெஷின் வைத்தால் பேச்சு பிடிபடும், தள்ளிப்போடப் போட மெஷின் வைத்தும் பழகுவது கஷ்டம் என்றார்கள். இவரோ பிள்ளை குரல் மறுபடி மங்கிப்போச்சு, இங்கே கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட், அங்கிருந்து ஒரிஜினல் ஒயர் அனுப்பச் சொல்லி உன்னிடம் கேட்கப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் அனுப்பிவிடாதே. ஒயர் சங்கதியை உடைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அம்புக்குறி பார்த்து மறுபடி இரண்டு பக்கமும் மாட்டிவிட்டேன்.

நீ சொன்னால் அப்பா தட்ட மாட்டார். ஆனால் போனில் நீ சொல்வது அவர் காதில் விழாது. அதனால் லீவு கேள், கிறிஸ்துமஸுக்கு வா, அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்து நீயே சொல்லு, கையோடு டாக்டரிடம் கூட்டிப் போ. அம்மா சாக்கு வைத்துக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கும் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. வேலை முடிந்து இருட்டில் தனியே நடந்து வராதே, கூட ஒரு ஆள் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடாதே. நீ சொன்னாலும் அவருக்குக் கேட்காதுதான், ஆனால் பேசி முடிக்கும்வரை உன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் வாடினால் கண்டுபிடித்துவிடுவார்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஜெயசீலி சுந்தர்ராஜ்