முஃபீத் டீமும் முப்பது நாள் லீவும்

ஜூன் 14, சனி

"டீச்சர், அவுக டீம் ஜெயிக்குமா?"

நேற்றுச் சாயங்காலம் ஷமீம் பானு கேட்டது. கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு கணக்கை யாரும் கொண்டுவந்ததில்லை.

பானு எதிர்வீட்டுப் பெண். ஜவுளிக்கடை மசூதுவின் மருமகள். அவள் புருஷன் முஃபீத் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். தேசப்படத்தில் சுட்டுவிரலை வைத்தால் மறைந்துபோகிற அளவு சின்ன நாடு. வேலை முடிந்து சாயங்கால நேரங்களில் சிமெண்டுத் தரையில் பாய் விரித்து ஆடியே அந்த நாட்டு அணியில் இடம் பிடித்துவிட்டான். இடக்கைச் சுழற்பந்து. சில வருடம் அங்கேயே குடியிருந்தால் வெளியூர்க்காரரும் ஆடலாம் என்று விதி இருக்கிறதாம். ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் ஒரு கோப்பைப் போட்டியில் ஆடுகிறார்கள். நாட்டின் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நிற்கவில்லை. எல்லாருக்கும் அது 'முஃபீத் டீம்'.

எனக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள். "ரெண்டு நாள் குடு பானு, பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு நாளாகச் செல்போனில் முஃபீத் டீமின் பழைய ஆட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரை நீட்டியபடி, "ஏட்டி, பென்ஷன் வாங்குத வயசுல உன்னய செலக்டரா போட்டுட்டாங்களா?" என்றார்.

என் மதிப்பீடு: பீல்டிங் பிரமாதம். முதல் இரண்டு ஆட்டக்காரர்களும் நல்ல அடி அடிக்கிறார்கள். ஆனால் எல்லாம் காய்ந்த தரையில் பழகிய ஆட்டம். ஸ்காட்லாந்தில் ஈரமும் குளிருமாக இருக்கும், பந்து வளையும். பாளையங்கோட்டை வெயிலில் சைக்கிள் பழகியவனைச் சாரல் நேரத்தில் ஐந்தருவி ரோட்டில் ஓட்டச் சொன்ன கதைதான். முஃபீத் பாடு இன்னும் மோசம். நனைந்த பந்தை எப்படிச் சுழற்றுவான்? குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருப்பவர் கையில் சோப்பைக் கொடுத்தால் எப்படி நிற்கும்? அப்படித்தான்.

பத்துக்கு மூன்று மார்க். அதற்கு மேல் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

ஜூன் 17

பானுவிடம் ஏழு என்று சொல்லிவிட்டேன். புருஷன் ஆடப்போகிறான் என்று ஆசையாய்க் கேட்கிற பிள்ளையிடம் மூன்று என்றா சொல்வது?

"ஜெயிக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்றேன். காரணங்களை அடுக்கினேன். உதாரணமெல்லாம் சொன்னேன். "அப்படியா டீச்சர்" என்றாள். இடுப்பில் இருந்த மகள் பாஹிமாவை மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். முகம் வாடியிருந்தது.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஜூன் 18

மசூது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "டீச்சரே சொல்லிட்டாக, கப்பு நமக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஜூன் 21, சனி

விஷயம் இன்றுதான் விளங்கியது.

காலையில் சாரல் பிடித்தது. மொட்டைமாடித் துணியை எடுக்க நான் ஓடினேன், எதிர்மாடியில் பானுவும் ஓடிவந்தாள். தெரு குறுகல், மாடிக்கு மாடி பேசினால் கேட்கும். "அன்னைக்கு ஏன் பானு மொகம் வாடிப் போச்சு?" என்று கேட்டேவிட்டேன்.

கொடியிலிருந்து ஒரு துணியை உருவிக்கொண்டாள். பிறகு சொன்னாள். முஃபீதுக்குக் கம்பெனி தருவது வருடத்துக்கு முப்பது நாள் லீவு. டூருக்குத் தனி லீவு கிடையாது, இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் புறப்பட்டால், லீக் ஆட்டங்களில் தோற்றால் பத்து நாளில் வீடு. மீதி இருபது நாள் தென்காசியில் இருப்பான். ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போய்விட்டால் இங்கே இருக்க ஐந்தே நாள்.

"பக்ரீதுக்கும் வரல. பாஹிமா தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பம் பாத்துட்டுப் போனது டீச்சர், இப்பம் தெருமுனை வரைக்கும் ஓடுதா. 'நீ போன்னு சொன்னாப் போறேன், வான்னு சொன்னா நேரா ஊருக்கு வந்துருதேன்'ங்காக. போகாதீகன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சின்ன வயசுலேருந்து அந்தப் பந்தத்தான கட்டிக்கிட்டு அழுதாக. சரி, போயி மரியாதையா தோத்துட்டு வந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு நெனச்சேன். நீங்க ஜெயிக்கும்னுட்டீங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பானு, நான் பொய் சொல்லிட்டேன். பத்துக்கு மூணுதான்" என்றேன்.

"நெசமாவா?"

"மூணே சாஸ்தி."

என் சர்வீஸில் பத்துக்கு மூன்று மார்க்குக்கு முகம் மலர்ந்த ஒரே பிள்ளை இவள்தான். நனைந்த துணியை அணைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். "மாமாகிட்டச் சொல்லிராதீக டீச்சர்" என்றாள். மாமா என்றால் மசூது.

ஜூன் 29

பானு போகச் சொல்லிவிட்டாள். மசூது தெருவுக்கே அல்வா கொடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

பானுவையும் பாஹிமாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் ஐந்தருவி போனோம். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் தலையைக் கொடுக்க அரைமணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. பாஹிமா என் சேலையைப் பிடித்துக்கொண்டு அருவியைத் திட்டினாள்.

வரும் வழியில் பானு மெதுவாகச் சொன்னாள்: "மாமி பொட்டல்புதூர் தர்காவுக்குப் போயி அவுக ஜெயிக்கணும்னு நேந்துட்டு வந்துட்டாக. நானும் போனேன். அங்கன நின்னுக்கிட்டு என்ன கேக்கன்னே தெரியல டீச்சர்."

"என்ன கேட்ட?"

"விரலு பத்திரமா இருக்கணும்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் ஆட்டம். படுதோல்வி. பந்து வளைந்த வளைவில் நம் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நடையைக் கட்டினார்கள். மசூது இரண்டு மணி நேரம் கடையை அடைத்துவிட்டார்.

இருட்டுகிற நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வட்டலப்பம் வந்தது, பெருநாளுக்குச் செய்கிற இனிப்பு. இவர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "தோத்ததுக்கா வட்டலப்பம்? இந்த வீட்டுக்காரங்க மனசு பெருசுதான்" என்றார். போலீசில் முப்பது வருடம் ஏட்டாக இருந்தவர். துப்பு துலங்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். முஃபீதால் அல்ல, பந்து அவன் கையில் வழுக்கி வழுக்கிப் போனது. இன்று வட்டலப்பம் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதிவிட வேண்டும். இப்போது எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

இன்றைய ஆட்டம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. மசூது கடையில் பெரிய டிவியை வைத்துச் செல்போனிலிருந்து அதில் படம் வரும்படி செய்திருந்தார். ஆண்கள் வாசலில், நாங்கள் உள்ளே துணிக்கட்டுகளின் மேல். திரையில் நம் டீம் முழுக்க ஒரே நீலச் சட்டை போட்டிருந்ததால் பாஹிமாவுக்குக் குழப்பம். பதினோரு பேரையும் "வாப்பா, வாப்பா" என்று காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்து இவர், "என்ன வே மசூது, ஒமக்கு ஒரே நாள்ல பதினோரு மகனுவ" என்றார்.

கடைசி ஓவர். எதிரணிக்குப் பன்னிரண்டு ஓட்டம் வேண்டும். வேகப்பந்துக்காரர்களின் ஓவர்கள் தீர்ந்துபோய்விட்டன. தூறல் வேறு. காப்டன் பந்தை முஃபீதிடம் கொடுத்தான்.

முதல் பந்து கையிலிருந்து நழுவி நேராக விழுந்தது. சிக்ஸர். மசூது ஒரு புது லுங்கியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பானுவைப் பார்த்தேன். இன்னும் ஒரு அடி இப்படி விழுந்தால் போதும், அவளுக்கு இருபது நாள். அவளே கேட்ட இருபது நாள். திரையில் முஃபீத் பந்தைத் துண்டில் துடைத்தான், சட்டையில் துடைத்தான், விரலை வாயருகே வைத்து ஊதினான். குளிரில் விரல் விறைத்திருக்கும் போல.

"விட்டுராதீக மச்சான்" என்றாள் பானு.

எனக்கு மட்டும்தான் கேட்டது. சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

அடுத்தது ஓட்டம் இல்லை. அடுத்ததில் ஒருவன் தூக்கி அடிக்க, எல்லைக்கோட்டில் பிடித்துவிட்டார்கள். பிறகு ஒன்று, ஒன்று. கடைசிப் பந்துக்கு நான்கு வேண்டும். முஃபீத் அதை மெதுவாக, ரொம்ப மெதுவாக மிதக்கவிட்டான். அடிக்க இறங்கி வந்தவன் ஏமாந்தான். கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான்.

கடை அதிர்ந்தது. மசூது லுங்கியைக் கொடி மாதிரி சுழற்றினார். பானு துணிக்கட்டின் மேல் ஏறி நின்று கை தட்டினாள். தட்டத் தட்டக் கண்ணில் தண்ணீர். மாமி அதைப் பார்த்து, "சந்தோசத்துல அழுதா பாருங்க" என்றாள். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

ஆகஸ்ட் 9

இனி பானுவுக்கு ஐந்தே நாள்.

ஆகஸ்ட் 20, புதன்

முஃபீத் டீம் நாலாவதாக வந்தது. நான் மூன்று மார்க் போட்ட டீம்! ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

இன்று மசூதும் தெருக்காரர் நான்கைந்து பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாராட்டு விழாவாம், தலைமை நானாம். மேடை, மைக், பொன்னாடை, ஊர்வலம். மறுநாள் அவன் படித்த பள்ளிக்கூடம். அதற்கு மறுநாள் கிரிக்கெட் கிளப்பில் விருந்து. போதாததற்கு, சபுர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போனவர் திரும்பி வந்தால் அன்றைக்கே வீடு நிறைய ஆள் போய் உட்காருவது எங்கள் பக்கத்து வழக்கம். வெளிநாட்டுத் தைலமும் சாக்லேட்டும் வாங்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். பானுவுக்கு மிச்சம் இரண்டு காலைநேரமும், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பப் போகிற கார்ப் பயணமும்.

"விழாவை அவன் போன பிறகு வச்சுக்கிடுவோம்" என்றேன்.

மசூது என்னையே பார்த்தார். "மாப்பிள்ளை இல்லாமக் கல்யாணமா டீச்சர்?"

"அவன் பந்துதான் போட்டான். அவனை வளத்தது யாரு? சால்வை உங்க தோளுக்கு வரட்டுமே. அவனுக்கு அடுத்த வருசம் போட்டுக்கிடலாம்."

மசூது ஒரு நிமிடம் யோசித்தார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். "சால்வை நம்ம கடையிலயே இருக்கு டீச்சர். பச்சை நல்லாருக்குமா, நீலம் நல்லாருக்குமா?" என்றார்.

அவர்கள் போன பிறகு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டலப்பக் கதை உட்பட. "பந்தோபஸ்து என் பொறுப்பு" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்தான். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். பாஹிமா பானுவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

இவர் குடையும் நாற்காலியுமாக எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "ஆளு இல்ல. குளிக்கப் போயிருக்கான்" என்கிறார். "இந்நேரம் வரைக்குமா அண்ணாச்சி?" என்று கேட்ட பால்கார இசக்கிமணிக்கு, "ஸ்காட்லாந்து அழுக்குலே, லேசுல போகுமா?" என்று பதில்.

ஆகஸ்ட் 25

மழை. தெருவில் ஒரு பிள்ளை இல்லை. நல்லது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று விழா. மசூது நீலச் சால்வையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மைக்கைப் பிடித்தவர் கடைசி ஓவரைப் பந்து பந்தாகச் சொன்னார். சிக்ஸர் போன பந்தை மட்டும் சொல்லவில்லை. முஃபீத் வெள்ளிக்கிழமையே விமானம் ஏறிவிட்டான். விழாவில் அவன் இல்லை என்பது சாப்பாட்டுப் பந்தி வரை யாருக்கும் உறைக்கவில்லை.

பானு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள்.

"மொத நாள் அவுக தூங்குனாக. நானும் எதுத்தாப்புல உக்காந்துகிட்டே இருந்தேன். பாஹிமா ரெண்டு நாளா கிட்டயே போகல டீச்சர். போனைத்தான் காட்டி, வாப்பா அதுக்குள்ளதான் இருக்காகங்கா. மூணாம் நாள் அவுக சும்மா ஆரஞ்சுப்பழத்தத் தரையில சுத்திவிட்டுக்கிட்டு இருந்தாக. இவ மெதுவா வந்து, பிடிச்சு, திருப்பிக் குடுத்தா. அதுக்கப்புறம் மடியை விட்டு எறங்கணுமே, மாட்டேன்ட்டா."

மூன்றாம் நாள். வீடு நிறைய ஆள் இருந்திருந்தால் அந்த ஆரஞ்சுப்பழம் உருண்டிருக்குமா?

முஃபீதை நான் நேரில் பார்த்தது நான்காம் நாள்தான். அவனாகவே வந்து தைலமும் சாக்லேட்டும் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வழக்கத்தை முழுவதும் விட முடியுமா?

இது எனக்கும், எப்போதாவது இதைப் புரட்டுகிறவர்களுக்கும்: வெளிநாட்டிலிருந்து உங்கள் தெருவுக்கு யாராவது திரும்பி வந்தால், மூன்று நாள் கழித்துப் போய்ப் பாருங்கள்.