மூச்சு வாங்குதான்னு கேட்ட போன்

ஊசிக்காரிக்கு,

நீ அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. சாவி ஜன்னல்ல இருக்கு.

நேத்து மத்தியானம் சாப்பாட்டு நடுவுல நீ போன் போட்டப்ப, "லீவு நாள்லகூட பேஷண்டா?"ன்னு கத்திட்டேன். முந்தின நாள் தோள் தசை இறுக்கத்தைத் தளர்த்த, பிசியோதெரபி கிளினிக்ல நீ மருந்தில்லா ஊசி குத்தின பஸ் டிரைவர்கிட்ட, "மூச்சு வாங்குதா?"ன்னு கேட்ட. "மாடி ஏறினா வாங்குது, வாயுத் தொல்லைதான்"னாரு. அவ்வளவுதான், கை கழுவாமயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கிளம்பிட்ட. நானும் முணுமுணுத்துக்கிட்டே பின்னால வந்தேன்.

ஆஸ்பத்திரியில நுரையீரல்லேர்ந்து காத்து கசியுதுன்னு நெஞ்சுல குழாய் போட்டாங்க. அவர் சம்சாரம் அழுதாங்க. "என் ஊசிதாம்மா பட்டிருக்கு, டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்"னு நேரா நின்னு சொன்ன. உன் இடத்துல நான் இருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

இப்படி ஆகலாம்னு நீ குத்துறதுக்கு முன்னாடியே சொல்லித்தான் சம்மதம் வாங்கினியாம். அந்தம்மாவே சொன்னாங்க.

வர்ற வழியில "இனிமே ஊசியைத் தொட மாட்டேன்"ன. அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ.

சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்.

எழுதி முடிக்கிறப்ப அந்தம்மா போன் பண்ணாங்க. நாளைக்குக் குழாயை எடுத்துடுவாங்களாம். டிரைவர் உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாராம். இன்னொரு தோளுக்கு எப்ப வரலாம்னு. நீயே பதில் சொல்லிக்கோ.